மைதானத்தில் மாணவ ஆசிரியர்

ஒரு பந்தை ஏந்தத் தெரியாத ஏழு வயதுக் குழந்தைக்கு அதனைக் கற்றுக் கொடுக்க வல்லவர் யார்? தேர்ந்த விளையாட்டு வீரரா, வகுப்பாசிரியரா, அன்றிப் பதினைந்து வயது மாணவனா? இங்கிலாந்துப் பாடசாலைகள் இவ்வினாவை ஒரு தசாப்த காலம் மைதானத்திலேயே பரீட்சித்துப் பார்த்தன.

அந்நாட்டின் ஆரம்பப் பாடசாலையில் கணிதம் முதல் சித்திரம் வரை கற்பிப்பவர் பெரும்பாலும் ஒரே வகுப்பாசிரியர். உடற்கல்விக்கென அவர் பெற்ற பயிற்சியோ சில மணி நேரமே. மைதானமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் இடைநிலைப் பாடசாலைகளிலேயே இருந்தன. இக்குறையை நீக்கவே 2000ஆம் ஆண்டில் பாடசாலை விளையாட்டுக் கூட்டிணைவுத் திட்டம் தொடங்கிற்று. விளையாட்டுத்துறையில் சிறந்த ஓர் இடைநிலைப் பாடசாலையை நடுவாகக் கொண்டு, அயற் பாடசாலைகள் ஒன்றுசேர்ந்தன. காலப்போக்கில் ஏறத்தாழ 450 கூட்டிணைவுகள் நாடெங்கும் பரந்தன. மூத்த மாணவர் தலைமைத்துவப் பயிற்சி பெற்று, அயலிலுள்ள ஆரம்பப் பாடசாலைகளில் விளையாட்டு வேளைகளை நடத்தியது இத்திட்டத்தின் ஒரு கூறு. பொறுப்பாசிரியர் ஓரமாக நிற்பார், நடத்துவோர் மாணவரே.

புதிய தலைவன் செய்யும் முதற் பிழை பெரும்பாலும் ஒன்றுதான். பத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஓட்டம் வைப்பான்; ஒருவர் ஓட, ஒன்பது பேர் பார்த்து நிற்பர். சிறிது நேரத்தில் வரிசை குலையும். மும்மூன்று பேராகப் பிரித்தால் எல்லோரும் ஓடுவர் என்பதை அவன் அன்றே அறிந்துகொள்கின்றான். இடம், செயல், கருவி, ஆட்கள் என்னும் நான்கையும் மாற்றி அமைக்கவும் அவனுக்குப் பயிற்சியில் கற்பிக்கப்படுகின்றது. பந்தை ஏந்த முடியாத பிள்ளைக்குத் தூரத்தைக் குறைக்கலாம். பந்துக்குப் பதிலாக மெல்லென மிதந்து வரும் பலூனைக் கொடுக்கலாம். கைதேர்ந்த பிள்ளையை இடக்கையால் ஏந்தச் சொல்லலாம். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை ஆடுவதற்கேற்ப ஆடுகளத்தின் எல்லையை மாற்றலாம். ஆட்டம் ஒன்றே; ஆயினும் ஒவ்வொருவருக்கும் அதன் கடினம் வேறு.

பாடசாலை அணியில் இடம்பெறாத மாணவருள்ளும் இப்பணியில் சிறந்து விளங்குவோர் உண்டு. பந்து கைநழுவும் வேதனையை அறிந்தவனுக்குப் பொறுமை எளிதில் வருகின்றது போலும். இலங்கைத் தமிழ்க் கிராமங்களிலே கிளித்தட்டைப் பிள்ளைகளுக்குப் பழக்கியவரும் அண்ணன்மாரும் அக்காமாருமே அல்லரோ!

2005ஆம் ஆண்டு யூலை 6ஆந் திகதி, ஒலிம்பிக் விழாவை வேண்டிச் சிங்கப்பூர் சென்ற இலண்டன் தூதுக்குழு, கிழக்கு இலண்டன் இளையோர் முப்பதின்மரை உடன் அழைத்துச் சென்று, உலக இளைஞரை விளையாட்டின்பால் ஈர்ப்பதாக வாக்களித்தது. விழாவுக்கு இரண்டாண்டு இருக்கையில், 2010 ஒக்டோபரில், கல்வியமைச்சர் மைக்கேல் கோவ் கூட்டிணைவுகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஆண்டுக்கு 162 மில்லியன் பவுணை நிறுத்துவதாக அறிவித்தார். விளையாட்டு வீரர் கண்டித்தனர். இளையோர் பிரதமரின் வாயிலில் மனுக் கொடுத்தனர். அவ்வாண்டு டிசெம்பரில் அரசு ஓரளவு பின்வாங்கி, அடுத்த கோடைத் தவணை முடியும்வரை நடத்த 47 மில்லியன் பவுண் வழங்க இசைந்தது.

2013இல் ஆரம்பப் பாடசாலைகளுக்கே நேரடியாக ஆண்டுக்கு 150 மில்லியன் பவுண் வழங்கும் ஏற்பாடு வந்தது. அப்பணத்தைக் கொண்டு வெளிப் பயிற்றுநரை அமர்த்திய பாடசாலைகள் பல. பயிற்றுநர் ஆட்டத்தை நன்கறிவார் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூத்த மாணவர் வருவதற்கு அவர்களை வகுப்பிலிருந்து விடுவிக்கவும், இரு பாடசாலைகளின் நேரசூசியைப் பொருத்தவும், வாகனம் ஒழுங்கு செய்யவும் ஒருவர் வேண்டும். அந்த இணைப்பாளர் பதவி மறைந்த இடங்களில் மாணவர் தம் வகுப்பிலேயே இருந்துவிட்டனர். தம் பங்குப் பணத்தை ஒன்றுசேர்த்து இணைப்பாளரைத் தக்கவைத்துக்கொண்ட பாடசாலைகளுக்கோ அவர்கள் பந்தும் பலூனும் சுமந்து தொடர்ந்து வந்தனர்.