ஒரு ஃபியட் காரின் ஆர்.சி. புத்தகம்

(மும்பையில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பழைய கார் ஒன்றைப் புதுப்பித்த அனுபவத்தைப் பற்றிப் பேசும்படி செயலாளர் சொன்னார். காரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நடுவில் என் பெரியப்பாவும் வருவார், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி, 1967-இல் பெரியப்பா வாங்கிய ஃபியட் 1100 டிலைட். வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், இதே ஊர் குர்லாவில் தயாரித்தது. 1089 சி.சி. என்ஜின், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர், முன்பக்கம் பெஞ்ச் சீட். இதே வண்டிதான் 1972-இல் பிரீமியர் பிரெசிடென்ட் ஆகி, 1974-இல் பத்மினி என்று பெயர் மாறியது. அந்நாளில் பணம் இருந்தால் மட்டும் கார் கிடைக்காது. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் கைமாறிய ஃபியட்டுக்கும் நல்ல விலை இருந்தது.

மாதுங்காவில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அது ஒன்றே கார். முன்னால் மூவர், பின்னால் எத்தனை பேர் என்று கணக்கே கிடையாது. பெரியப்பா எண்ணி எண்ணிச் செலவழிப்பவர். சிக்னலில் என்ஜினை அணைத்துவிடுவார். அவருக்கு 'கஞ்சப் பெரியப்பா' என்று பெயர் வைத்தது நான்தான்.

ஒருநாள் காரை விற்றுவிட்டார். கேட்டதற்கு, "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்" என்றார். பெட்ரோலுக்குப் பயந்துதான் விற்றார் என்று நாங்கள் சிரித்தோம். 1995-இல் வங்கிக் கடனில் மாருதி 800 வாங்கி, ஆசீர்வாதம் வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். "இனிமேல் பெட்ரோல் செலவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம் பெரியப்பா" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவரும் சிரித்தார். 2004-இல் காலமானார்.

2018-இல் சயானில் ஒரு மெக்கானிக்கின் கொட்டகையில், தார்ப்பாய்க்கு வெளியே ஒரு நம்பர் பிளேட் தெரிந்தது. கூட்டினால் ஒன்பது வரும் அந்த எண்ணைப் பெரியப்பா ராசி என்பார். அதே எண்! பாகங்களுக்காக வாங்கியவர், பிரிக்க மனம் வராமல் வைத்திருந்தாராம். 35,000 ரூபாய்க்கு ஆர்.சி. புத்தகத்தோடு கொடுத்தார்.

தரைத்தகடு மும்பை மழையில் துருப்பிடித்துப் போயிருந்தது. டிங்கரிங் மட்டும் நாலு மாதம். பெயிண்டைச் சுரண்டச் சுரண்ட ஒவ்வொரு உரிமையாளராக வெளியே வந்தார்கள். மேலே வெள்ளை, மெக்கானிக்குடையது. அதன் கீழே மஞ்சள், டிரைவிங் ஸ்கூல். அதற்கும் கீழே க்ரீம், தாதரில் இருந்த பார்ஸி டாக்டர். கடைசியில் பெரியப்பாவின் வெளிர்நீலம். பத்மினி 2000-ஆம் ஆண்டையொட்டித்தான் நின்றது என்பதால் குர்லா பழைய சாமான் கடைகளில் பல பாகங்கள் கிடைத்தன. 2019-இல் வண்டி ஓடியது. வாங்கிய விலையைப்போல் ஒன்பது மடங்கு செலவு. என் மனைவி அந்தக் கணக்கை இன்னும் மறக்கவில்லை.

இப்போது ஆர்.சி. புத்தகத்துக்கு வருகிறேன். வங்கிக்காரன் ஆனதால் முத்திரையும் தேதியும் பார்ப்பது பழக்கம். பெரியப்பாவிடமிருந்து டாக்டருக்கு மாறிய தேதி, அக்டோபர் 1982. நான் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

1982 ஜனவரி 18-ஆம் தேதி பம்பாய் ஜவுளி ஆலை வேலைநிறுத்தம் தொடங்கியது. தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2.5 லட்சம் தொழிலாளிகள் இறங்கினார்கள். என் அப்பா ஒரு ஆலையில் குமாஸ்தா. ஆலை மூடிக்கிடந்ததால் அவருக்கும் சம்பளம் நின்றது. 1984 ஜூனில்தான் வேறு வேலை கிடைத்தது. அதுவரை அப்பாவின் பி.எஃப். பணத்தில் சாப்பிட்டதாக அம்மா சொல்லியிருந்தாள்.

அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய கணக்கு நோட்டை எடுத்தேன். 1982 நவம்பர் முதல் 1984 ஜூன் வரை, மாதா மாதம் ஒரே வரி: 'மச்சினர் — 700'. இருபது மாதம். பதினாலாயிரம் ரூபாய். என் பள்ளிச் சம்பளமும், தங்கையின் பாட்டு வாத்தியார் சம்பளமும் அதற்கடுத்த வரிகளில் இருந்தன.

பெரியம்மாவிடம் ஓடினேன். "ஆமாண்டா. உங்கம்மாகிட்ட சத்தியம் வாங்கிண்டார். கொழந்தைகளுக்குத் தெரிஞ்சா எங்காத்துக்கு வரச்சே தலைகுனிஞ்சுண்டு வரும்னார்" என்றாள். "அன்னிக்கு நான் மாருதியைக் கொண்டுவந்து பேசினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே பெரியம்மா?" என்றேன். "தலைநிமிர்ந்து பேசறான் பாருன்னு சந்தோஷப்பட்டார்" என்றாள்.

அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? 2020 ஜனவரியில் பெரியம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து, மாதுங்கா ஆஸ்திக சமாஜம் கோயிலுக்கு அழைத்துப்போனேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

பழைய கார் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு செய்தி. 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டு கடந்து, அசல் நிலை மாறாத வண்டிகளை விண்டேஜ் வகையில் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். சான்று பத்து ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் போன்றவற்றுக்கு மட்டுமே. 2023 அக்டோபர் 30-இலிருந்து மும்பைத் தெருக்களில் பத்மினி டாக்ஸியும் இல்லை. என் வண்டி வருஷத்தில் நாலைந்து தடவை வெளியே வருகிறது. சிக்னலில் நானும் என்ஜினை அணைத்துவிடுகிறேன்.

ஒரு விண்ணப்பத்துடன் முடிக்கிறேன். வீட்டில் பழைய ஆர்.சி. புத்தகம், பாஸ்புக், அம்மாவின் கணக்கு நோட்டு எதுவானாலும் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். நாம் கஞ்சன் என்று சொன்ன யாராவது ஒருவர் அதில் இருக்கக்கூடும். அவர் இன்னும் இருந்தால், இன்றே போய்ப் பார்த்துவிடுங்கள்.