இமைப்பொழுதிலும் நுண்ணிய பொழுது

காலத்தை அளக்க மனிதன் முதலிற் கையாண்ட கருவிகளுள் அவனுடைய உடலும் ஒன்று. கண்ணிமைக்கும் நேரத்தையும் கைந்நொடிக்கும் நேரத்தையும் கொண்டு தொல்காப்பியர் மாத்திரையை வகுத்தார். எழுத்தின் ஒலியை அளக்க அது போதுமாயிருந்தது. லேசர் ஒளியின் துடிப்புக்களை ஆராயும் பௌதிக அறிஞர் அளக்கும் பொழுதோ, இமைப்பொழுதைச் சில கோடி கூறுகளாக்கினாலும் கிட்டாத நுண்மை வாய்ந்தது. அதனை அளப்பது எங்ஙனம்? அளந்தது மெய்யே என்று தெளிவது எங்ஙனம்?

கோடியைக் கோடியாற் பெருக்கி, வந்ததைப் பத்தாற் பெருக்குக. அத்தொகையால் ஒரு செக்கனை வகுத்தாற் கிடைக்கும் கூறே பெம்டோசெக்கன். 3 கோடியே 17 இலட்சம் ஆண்டுகளில் எத்தனை செக்கன் உண்டோ, ஏறத்தாழ அத்தனை பெம்டோசெக்கன் ஒரு செக்கனில் அடங்கும். செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் விரையும் ஒளியும், ஒரு பெம்டோசெக்கனில் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் மூன்று பங்கே செல்லும்.

1960 ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவில் தியடோர் மைமன் மாணிக்கத்தைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். சில ஆண்டுகளுள் லேசர் ஒளி மிகக் குறுகிய துடிப்புக்களாக வெளிவரலாயிற்று. பாயும் குதிரையைப் படம் பிடிக்க, அதன் பாய்ச்சலிலும் விரைந்து திறந்து மூடும் கமரா வேண்டும். ஒளித்துடிப்பிலும் விரைந்த கமராவுக்கு எங்கே போவது? அறிஞர்கள் துடிப்பைக் கொண்டே துடிப்பை அளக்க முற்பட்டனர்.

அதற்கு உதவியது ஒரு பளிங்கின் பண்பு. 1961 ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பீற்றர் பிராங்கனும் அவர் குழுவினரும் மாணிக்க லேசரின் செவ்வொளியைப் படிகத்தினூடே செலுத்தினர். ஒளியின் ஒரு சிறு பகுதி, அலைநீளம் பாதியாகிக் கண்ணுக்குப் புலப்படாத ஊதாக்கடந்த ஒளியாய் வெளிப்பட்டது. அதற்குச் சான்று படத்தகட்டிற் பதிந்த மங்கிய புள்ளி ஒன்றே. சஞ்சிகையில் அச்சேறியபோது அப்புள்ளியை அழுக்கென்றெண்ணி நீக்கிவிட்டனர். அதனைச் சுட்டிய அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைக் காட்டி நின்றது.

இப்பண்பைக் கொண்டு அமைந்த முறை எளியது. பாதி ஒளியைத் தெறிக்கவிட்டுப் பாதியைச் செலவிடும் கண்ணாடியால் ஒரு துடிப்பு இரண்டாக்கப்படும். ஒன்று நேர்வழியே பளிங்கை அடையும். மற்றையது நகரக்கூடிய ஓர் ஆடியிற்பட்டுச் சற்றுச் சுற்றி வரும். இரண்டும் பளிங்கில் ஒருங்கு சந்தித்தால் மாத்திரமே இரண்டிற்கும் நடுவே புதிய நிற ஒளி தோன்றும். ஆடியை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் பதினைந்து பங்கு நகர்த்தினால், போய் மீளும் வழி அதன் இருமடங்கு நீளும்; துடிப்பு 100 பெம்டோசெக்கன் தாமதிக்கும். இவ்வாறு காலத்தை அளக்கும் வேலை நீளத்தை அளக்கும் வேலையாயிற்று.

ஆயினும் தனக்குத் தானே சாட்சி சொல்பவனை நீதிமன்றம் எளிதில் நம்புவதில்லை. ஒழுங்கின்றி நெடுநேரம் கொந்தளிக்கும் ஒளியும், தன்னோடு தான் சரியாகப் பொருந்தும் ஒரு கணத்திற் கூரிய முகடொன்றைக் காட்டும். அம்முகட்டை மட்டும் பார்ப்போர் துடிப்பு மிகக் குறுகியது என்று மயங்குவர். அவ்வாறே அக்காலத்திற் சிலர் மயங்கினர். முகட்டின் உயரத்தை அடித்தளத்தோடு ஒப்பிட்டாலன்றி உண்மை விளங்காது என்பதை 1968 ஆம் ஆண்டளவில் வெளிவந்த ஆய்வுகள் உணர்த்தின. மெய்யை அழுக்கென்று நீக்கியது ஒரு பிழை; மயக்கத்தை மெய்யென்று ஏற்றது அதனினும் பெரிய பிழை.

1993 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த டானியல் கேனும் ரிக் ட்ரெபினோவும் புதிய முறையொன்றை விளக்கி எழுதினர். ஒளியின் அளவை மட்டும் குறியாது, ஒவ்வொரு தாமதத்திலும் எழும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பதிவுசெய்தனர். பாட்டிற்குச் சுரக்குறிப்பு எழுதுவது போல், எப்பொழுதில் எந்நிறம் என்பது இங்கே படமாகின்றது. அம்முறையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள் தவளையைக் குறிக்கும் சொல்லாக அமைந்தன.

இதன் சிறப்பு நுட்பத்தில் மட்டுமன்று, நேர்மையிலும் உண்டு. படத்திலிருந்து துடிப்பின் வடிவைக் கணினி கணித்தறியும். பின்னர் அவ்வடிவு தரவேண்டிய படத்தை மீளக் கணித்து, அளந்த படத்தோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒவ்வாவிடின், எங்கோ தவறுண்டு என்பது வெளிப்படும். பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் அளவுகோல் அரிதன்றோ?

இவ்வளவு நுண்மை எதற்கு என்று நேயர்கள் வினவலாம். மூலக்கூறுகளின் பிணைப்பு முறிவதைப் பெம்டோசெக்கன் துடிப்புக்களால் ஆராய்ந்த அஹமத் செவைல் 1999 ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். கண் வைத்தியர் விழிவெண்படலத்தை அறுக்கவும் இத்தகைய துடிப்பைப் பயன்படுத்துகின்றனர். துடிப்பு நீண்டால் அயலிலுள்ள இழையம் கூடுதலாக ஊறுபடக்கூடும். பெம்டோசெக்கனிலும் ஆயிரம் மடங்கு சிறிய அற்றோசெக்கன் அளவில் துடிப்புக்களை ஆக்கும் முறைகளுக்காகப் பியர் அகொஸ்தினி, பெரென்ஸ் கிராவுஸ், ஆன் லூயிலியே ஆகிய மூவர் 2023 ஆம் ஆண்டிற் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

துடிப்பை ஆக்குவோர், அதனை உள்ளபடி அளந்து காட்டும்வரை தம் வேலை முடிந்ததாகக் கொள்வதில்லை. விரும்பிய விடை கிடைத்த பின்னரும் அதனை ஐயுற்று மீண்டும் அளப்பதே விஞ்ஞானத்தின் ஒழுக்கம்.