'ஆர்வமில்லை' என்று டிக் அடித்தவள்

(கோட்டக்குப்பத்தில் நடந்த மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்லூரி மாணவர்கள் ஏன் விளையாட வருவதில்லை என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. "இதுக்கெல்லாமா டாக்டர் பட்டம்?" என்று எங்கள் வீட்டிலேயே சிரித்தார்கள்.

இந்தத் துறையில் உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு சட்டகம் உண்டு. கிராஃபோர்ட், ஜாக்சன், காட்பி ஆகிய மூவர் 1991இல் முன்வைத்தது. தடைகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: மனம் சார்ந்தவை, உடனிருப்பவர்கள் சார்ந்தவை, நேரம், பணம், இடம் போன்ற புறத்தடைகள். அதை ஒட்டித் தயாரித்த கேள்வித்தாளோடுதான் நானும் கிளம்பினேன். ஆர்வமில்லை, கூட வர ஆளில்லை, நேரமில்லை, மைதானம் தூரம் என்று கட்டங்கள் இருக்கும். டிக் அடிக்க வேண்டும். சாதிக்கு அதில் ஒரு கட்டம் இல்லை. நானும் போடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மரக்காணம் பக்கம் உப்பளத் தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தி. சேரியிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை. 'நேரமில்லை', 'ஆர்வமில்லை' இரண்டிலும் டிக் அடித்திருந்தாள். நேரமில்லை என்பது புரிந்தது. பயிற்சி நடப்பது விடிகாலையில். வெயில் ஏறுவதற்குள் உப்பு வார வேண்டுமென்றால் அதுவும் விடிகாலையில்தான். விடுமுறை நாளெல்லாம் அம்மாவோடு பாத்தியில் நிற்கிறவள் எந்தப் பயிற்சிக்கு வருவாள்? ஆனால் 'ஆர்வமில்லை' உறுத்தியது. ஏனென்றால் என்னோடு இருந்த இரண்டு மணி நேரமும் அவள் கபடியைப் பற்றித்தான் பேசினாள்.

எட்டாம் வகுப்பில் பள்ளி அணிக்கு ஆள் எடுத்தார்கள். ஏறி வருகிறவரைப் பிடிக்கக் கை கோத்து நிற்க வேண்டும் அல்லவா? "என் கையப் புடிக்க மாட்டேன்னுட்டாங்க அக்கா." ஆசிரியர் அந்தப் பிள்ளைகளை அதட்டவில்லை. "நீ நல்லா ஓடுவ, ஓட்டப்பந்தயத்துக்குப் போம்மா" என்று இவளை அனுப்பிவிட்டார். ஓட்டத்தில் யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. "சார் நல்லவர்தான் அக்கா" என்றும் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

ஒரு பெண் சொன்னதை வைத்து முடிவுக்கு வரலாமா என்று கேட்பார்கள். அரசாங்கத்தின் காகிதத்தையே எடுத்துக்கொள்வோம். 2019இல் தமிழ்நாடு பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சில பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டுகிறார்கள், விளையாட்டு அணிக்கு ஆள் சேர்ப்பதற்கும் இந்த நிறம் பயன்படுவதாகச் சொல்லப்படுகிறது, தடுக்க வேண்டும் என்றது அது. எதிர்ப்பு கிளம்பியது. தனக்குத் தெரியாமல் போன சுற்றறிக்கை என்றார் அன்றைய அமைச்சர் செங்கோட்டையன். பழைய நிலையே தொடரும் என்றும் சொல்லிவிட்டார். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி சந்துரு குழு 2024இல் மறுபடியும் அந்தக் கயிற்றைத் தடை செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தேர்வெழுதப் பேருந்தில் போன பதினோராம் வகுப்பு மாணவனின் விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் ஜெயித்ததுதான் காரணம் என்றார்கள் குடும்பத்தார்.

பல்வங்கர் பாலு 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். அதற்கு முன் புனேயில் ஆடியபோது அவருக்கு மட்டும் தேநீர் வெளியே, மண் குவளையில். இந்துக்கள் அணியின் தலைவர் பதவி கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை. பந்து போட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, பல்கலைக்கழக மைதானத்தில் நின்றுகொண்டு "யார் வரவில்லை?" என்று எண்ணினால் ஒன்றும் கிடைக்காது. வடிகட்டும் வேலை எட்டாம் வகுப்பிலேயே முடிந்துவிடுகிறது. போட்டிகளில் ஆடிய சான்றிதழ் இருந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம். பள்ளி அணியிலேயே இல்லாதவளுக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? சில வருடம் கழித்து நாங்கள் போய் 'ஆர்வமில்லை' என்று அவள் கையாலேயே எழுதி வாங்குகிறோம்.

கேள்வித்தாளை மாற்றிவிட்டேன். பள்ளி அணிக்கு உங்களை யார் தேர்வு செய்தார்கள், யார் வேண்டாம் என்றார்கள், தண்ணீர் எங்கே குடித்தீர்கள் என்று இப்போது கேட்கிறேன். இதையெல்லாம் அளக்க முடியாது என்று துறையில் ஆட்சேபணை இருக்கிறது. இருக்கட்டும்.

இந்த அரங்கில் உடற்கல்வி ஆசிரியர்கள் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பேசுங்கள். பெயர் கேட்க மாட்டேன். அணிக்கு எப்படி ஆள் எடுக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.