இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி
(மாதர் பிரிவின் சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளத்தைப் பற்றி நாம் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். அந்தச் சம்பளத்தைச் சம்பாதிக்கும் முதுகைப் பற்றி இன்று கொஞ்சம் பேசுவோம்.

இடுப்பில் தொடங்கி, பிட்டத்தின் வழியாகத் தொடைக்குப் பின்னால் இறங்கி, கெண்டைக்கால், பாதம் வரை கரண்ட் அடித்தது போல ஓடும் ஒரு வலி இருக்கிறது. பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். இருமினாலும் தும்மினாலும் சுண்டி இழுக்கும். நீண்ட நேரம் உட்கார்ந்தால் கூடும். நம் லயங்களில் இதை வாய்வு என்போம், நரம்பு இழுப்பு என்போம். டாக்டர்மார் சயாட்டிக்கா என்கிறார்கள்.

இது வாய்வால் வருவதல்ல. நம் உடம்பிலேயே மிகத் தடிப்பான நரம்பு இடுப்பிலிருந்து புறப்பட்டுக் காலுக்குப் போகிறது. முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல டிஸ்க் இருக்கிறது. அது பிதுங்கி அந்த நரம்பின் வேரை அழுத்தும்போதுதான் பெரும்பாலும் இந்த வலி வருகிறது. கோளாறு இடுப்பில், வலி காலில். அதனால்தான் காலை எவ்வளவு தேய்த்தாலும் முழுச் சுகம் கிடைப்பதில்லை.

நம்முடைய வேலையை நினைத்துப் பாருங்கள். சரிவில் நின்று குனிகிறோம். பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலே பின்னால் போட உடம்பைத் திருப்புகிறோம். மழை நாளில் ஈரக் கொழுந்தின் பாரம் வேறு. ஆண்கள் கவ்வாத்து வெட்டுகிறார்கள், 50 கிலோ உர மூட்டை தூக்குகிறார்கள். குனிவது, திரும்புவது, பாரம் சுமப்பது ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்வதுதான் முதுகுக்குப் பெரிய எதிரி.

ஆனாலும் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இந்த வலி 4 முதல் 6 வாரங்களில் ஆப்பரேஷன் இல்லாமலே குறைந்துவிடும். அதற்கு வீட்டில் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, நாள் முழுக்கப் படுத்தே கிடக்கக் கூடாது. வலி கடுமையாக உள்ள ஓரிரு நாள் ஓய்வு எடுக்கலாம். அதற்குப் பிறகு சமமான இடத்தில், தாங்கக்கூடிய அளவுக்கு, ஐந்து பத்து நிமிடமாக நாளில் பல தடவை நடக்க வேண்டும். அசையாமல் கிடந்தால் தசைகள் தளர்ந்து, வலி நீளும்.

இரண்டாவது, படுக்கும் முறை. பக்கவாட்டில் படுத்தால் இரு முழங்கால்களுக்கும் நடுவே தலையணை வையுங்கள். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்குக் கீழே வையுங்கள். தலையணை இல்லாவிட்டால் பழைய சேலையையோ கம்பளியையோ சுருட்டி வைத்தால் போதும். எழும்பும்போது நேரே நிமிர வேண்டாம். ஒரு பக்கம் புரண்டு, கையை ஊன்றி எழும்புங்கள்.

மூன்றாவது, ஒத்தடம். சுடுதண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து இடுப்பில் 15 நிமிடம் வைக்கலாம். சூட்டை முதலில் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களும் மரத்துப்போன இடம் உள்ளவர்களும் மிகக் கவனமாக இருக்க வேண்டும். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

நான்காவது, ஒரு சிறு பயிற்சி. குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிடம் இருங்கள். பிறகு முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மெதுவாக உயர்த்துங்கள். கால் வலி மேலே ஏறி இடுப்போடு ஒதுங்கினால் அது நல்ல அறிகுறி, தொடரலாம். வலி இன்னும் கீழே பாதத்துக்கு இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

தைலம் பூசலாமா என்று கேட்பீர்கள். மெதுவாகப் பூசினால் இதமாக இருக்கும். ஆனால் பிதுங்கிய டிஸ்க்கை எந்தத் தைலமும் உள்ளே தள்ளாது. பிள்ளைகளை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும், இடுப்பை முறித்து நெட்டி எடுப்பதும் வேண்டவே வேண்டாம். இருக்கும் அழுத்தம் அதனால் கூடலாம்.

மாத்திரை விஷயத்தில் கவனம் தேவை. பனடோல் இந்த வலியை முழுவதும் தீர்க்காது. எடுப்பதானால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்த எடை உள்ளவர்களும் ஈரல் வருத்தம் உள்ளவர்களும் மது அருந்துபவர்களும் டாக்டரிடம் கேட்டு அளவைக் குறைக்க வேண்டும். டைக்ளோபெனாக் போன்ற கடும் வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு மலைக்குப் போவது நம்மிடையே பழக்கமாகிவிட்டது. இது வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரஷர், சிறுநீரக வருத்தம், அல்சர் உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் டாக்டர் சொல்லாமல் இவற்றைத் தொடக்கூடாது.

இனிச் சொல்வதை வெட்கப்படாமல் கேளுங்கள். சிறுநீர் போக முடியாமல் இருந்தால், அல்லது தெரியாமல் போனால், மலத்தை அடக்க முடியாவிட்டால், பிறப்புறுப்பையும் மலவாசலையும் சுற்றி மரத்துப்போனால், இரண்டு கால்களும் பலம் இழந்தால், வீட்டு வைத்தியம் அந்த நிமிடமே முடிந்தது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத் தாமதம்கூட வாழ்நாள் முழுக்க ஊனமாகிவிடலாம். 1990 இலக்கத்துக்கு அழையுங்கள்; சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயம் வரை வாகனம் வராத இடங்களில், அசையாமல் நாலு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நம்முடைய பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம்தான் ஆபத்து.

பாதம் தொங்கி இழுபட்டால், காய்ச்சலோடு வலி வந்தால், விழுந்த பிறகு வலி வந்தால், காரணமில்லாமல் உடம்பு இளைத்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். ஆறு வாரத்தில் குறையாவிட்டாலும் அரசாங்க வைத்தியசாலைக்குப் போய், பிசியோதெரபிக்கு அனுப்பும்படி கேளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி எழுகிறது. வலியோடு வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு வீட்டில் என்ன காத்திருக்கிறது? தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, துணி மூட்டை. மலையில் இறக்கிய பாரத்தை அவள் வீட்டில் மறுபடியும் தூக்குகிறாள். சகோதரர்களே, தண்ணீரையும் விறகையும் நீங்கள் எடுத்துவந்தால் அதுவும் வைத்தியம்தான். எந்தத் தைலத்தையும் விட அது பலன் தரும்.

அதே போல, மலையில் பாரம் குறையாமல் வீட்டு வைத்தியம் நிலைக்காது. அந்தி நிறுவை வரை பாரத்தைச் சேர்த்துச் சுமக்காமல் ஒவ்வொரு நிறுவையிலும் கொழுந்தைக் கொட்டிவிடுங்கள். பாரத்தைத் தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள். பக்கத்திலிருப்பவரைக் கைகொடுக்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் போனால் இலகு வேலை கொடுக்கும்படி துண்டு எழுதி வாங்கி, ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, தோட்டக் கமிட்டித் தலைவரிடம் காட்டுங்கள். பேர் போய்விடும் என்ற பயத்தில் வலியை மறைத்து வேலை செய்பவரின் பிரச்சினை அவருடையது மட்டுமல்ல. அது சங்கத்தின் பிரச்சினை. தலைவர்களுக்கும் சொல்கிறோம்: தோட்டத்து அதிகாரிகளோடு பேசும்போது கிலோக் கணக்கோடு, நிறுவை இடம் எவ்வளவு தூரம், உர மூட்டையை எத்தனை பேர் தூக்குகிறார்கள், துண்டு கொண்டுபோனவருக்கு இலகு வேலை கிடைத்ததா என்பவற்றையும் கேளுங்கள்.

இன்று கேட்டதை, கூட்டத்துக்கு வர முடியாமல் வலியோடு லயத்தில் படுத்திருப்பவருக்கு இன்றிரவே போய்ச் சொல்லுங்கள்.