பொறிகளுக்கும் ஐம்பொறி



பொறி என்னும் சொல்லுக்குத் தமிழில் பல பொருள் உண்டு. அவற்றுள் இரண்டு இன்றைய பேச்சுக்கு உரியவை. மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகிய ஐந்தையும் ஐம்பொறி என்கிறோம். மனிதன் ஆக்கிய இயந்திரத்தையும் பொறி என்றே அழைக்கிறோம். நெடுங்காலம் இயந்திரமாகிய பொறிக்குப் புலனாகிய பொறி இல்லாதிருந்தது. உலையின் சூட்டையும் தறியில் அறுந்த இழையையும் தொழிலாளியின் கண்ணும் கையுமே கண்டறிந்தன. இன்று அவ்வேலையைப் பெரும்பாலும் உணரிகள் எனப்படும் சிறு மின்கருவிகள் செய்கின்றன. அவை எவ்வாறு உணர்கின்றன என்பதையும், அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் குறித்துச் சிறிது பேச விரும்புகிறேன்.

நான் அறிவியல் ஆசிரியனாக இருந்த நாளில், ஓர் இரும்புக் கம்பியின் இரு முனைகளிலும் இரண்டு செம்புக் கம்பிகளை முறுக்கி, செம்பின் மறுமுனைகளைக் கால்வனாமீட்டரில் இணைப்பேன். முறுக்கிய ஒரு முனையை மெழுகுவர்த்திச் சுடரில் பிடித்தால் முள் நகரும். மின்கலம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒரு மாணவனேனும் மேசைக்கடியில் குனிந்து பார்ப்பான்! 1821 இல் சீபெக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்ட விளைவு இது. அவர் அதைக் காந்தத்தின் செயல் என்றே கருதினார் என்பது வேறு கதை. வெப்ப மின்னிரட்டை என்று பாடநூலிலும் தெர்மோகப்பிள் என்று தொழிற்சாலையிலும் வழங்கும் கருவி இதுவேயாகும். குரோமல், அலுமல் என்னும் உலோகக் கலவைகளால் ஆன இரட்டையில், ஒரு முனை உருகும் பனிக்கட்டியிலும் மறுமுனை 1,000 டிகிரி செல்சியசிலும் இருந்தால் ஏறத்தாழ 41 மில்லி வோல்ட் கிடைக்கும். டார்ச் விளக்கின் ஒரு மின்கலம் தருவதில் இது 36 இல் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய குரலைக் கேட்டுத்தான் பெரும் உலைகள் எரிகின்றன, அணைகின்றன.

ஏனைய உணரிகளும் இத்தகைய எளிய உண்மைகளையே பற்றி நிற்பவை. சூடேறினால் பிளாட்டினக் கம்பியின் மின்தடை மிகும். 0 டிகிரியில் 100 ஓம் இருப்பது 100 டிகிரியில் 138.5 ஓம் ஆகும். இழுத்தால் மெல்லிய உலோகத் தகட்டின் தடை மாறும். லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்கு அடியில் இருப்பது அதுதான். உலோகம் அருகே வந்தால், தொடாமலே அதை அறியும் கம்பிச் சுருளும் உண்டு.

இனி நம்பிக்கையைப் பற்றிய செய்திக்கு வருகிறேன். என் பழைய மாணவர் ஒருவர் இரும்பு உறுப்புகளைச் சூடேற்றிக் கடினமாக்கும் பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். ஓர் இரவு அவருடைய உலையில் இருந்த சரக்கு முழுவதும் பாழாயிற்று. "ஐயா, கருவியில் பழுதே இல்லை, கம்பியும் அறவில்லை" என்றார். நடந்தது இதுதான்: தெர்மோகப்பிள் தன் துளையிலிருந்து ஒரு சாண் வெளியே நழுவியிருந்தது. அது தன் நுனி இருந்த இடத்தின் வெப்பத்தைச் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது. உலை இன்னும் சூடாகவில்லை என்று எண்ணிய கட்டுப்பாட்டுக் கருவி மேலும் மேலும் எரித்தது.

கம்பி அறுவதற்கு மருந்து உண்டு. பல ஆலைகளில் உணரியின் செய்தி 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக வருகிறது. மிகக் குறைந்த அளவுக்கும் சுழியை வைக்காமல் 4 ஐ வைத்தது ஏன்? சுழி வந்தால் கம்பி அறுந்தது என்று அறியத்தான். அச்சுப் பொறிகளில் விரல் இழந்தோர் பலர். அவற்றின் முன் அமைக்கும் ஒளித்திரையிலும் இதே அறிவைக் காணலாம். கை குறுக்கிட்டு ஒளி மறைந்தால் பொறி நிற்கும். விளக்கே அவிந்தாலும் நிற்கும். கையைக் கண்டபோது மட்டும் குரல் கொடுக்கும் உணரியை அங்கே வைத்திருந்தால், அது செத்துக் கிடக்கும் நாளில் யாருக்குத் தெரியும்?

ஆனால் உயிரோடு இருந்து தவறாகச் சொல்லும் உணரிக்கு அந்த மருந்து போதாது. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் நகர எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இதன் கொடுமையைக் கண்டோம். அங்கே 170 அடிக் கோபுரம் ஒன்றில் திரவ மட்டத்தை ஓர் உருளை அளந்தது. அதன் வழி ஆர்க்கிமிடீஸ் தத்துவம். உருளை முழுவதும் மூழ்கிவிட்ட பின் திரவம் சூடாகி அடர்த்தி குறைந்தது. அதனால் மட்டம் இறங்குவதாகவே அளவி காட்டியது. அளவி 8 அடிக்கும் குறைவாகக் காட்டியபோது, உள்ளே திரவம் ஏறத்தாழ 158 அடி உயர்ந்திருந்தது. உயர்மட்டத்தை அறிவிக்கத் தனியாக இருந்த எச்சரிக்கையும் ஒலிக்கவில்லை. பொங்கி வழிந்த எண்ணெயின் ஆவி தீப்பற்றி வெடித்தது. 15 பேர் மாண்டனர், 180 பேர் காயமுற்றனர்.

என் மாணவரின் உலையில் இப்போது இரண்டு தெர்மோகப்பிள்கள், இரு வேறு துளைகளில் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று 15 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் மணி அடிக்கும். சென்ற மாதம் ஒரு முறை அடித்ததாம். மணியை நிறுத்த வழியுண்டா என்பதே மேலதிகாரி முதலில் கேட்ட கேள்வி. இவர் துளையைப் பார்க்கப் போனார்.