தீர்ப்பு வந்தது, பணம் வந்ததா?

(தஞ்சோங் பகாரில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில், தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மேடைப் பேச்சாளன் அல்லன். தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதுகிறவன். ஆனால் இந்தத் தஞ்சோங் பகார் எனக்கு அந்நிய இடமன்று. எங்கள் பாட்டன்மார் வெட்டிய பால், ரப்பர் ஷீட்டாகி இந்தத் துறைமுகத்தில் கப்பலேறியது. அங்கே பால் வெட்டியவனும் தமிழன். இங்கே சுமை தூக்கியவனும் தமிழன். அந்த உறவின் உரிமையில் ஒரு விஷயத்தைச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு தோட்டத்துத் தொழிலாளரின் சம்பளப் பாக்கிக்காக வழக்காடினோம். பணத்தைக் கொடுக்கும்படி உத்தரவாயிற்று. மாலை போட்டோம், படம் பிடித்தோம், “தொழிலாளருக்கு வெற்றி” என்று செய்தியும் போட்டோம். நான் பைலைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து ஓர் அம்மாள் வந்தார். “கிராணி ஐயா, ஜெயிச்சாச்சுன்னு பேப்பரில் போட்டீங்களே, அந்தக் காசு எப்போ வரும்? உனக்குத்தான் பணம் வந்திருச்சேன்னு கடைக்காரர் பழைய பாக்கியைக் கேட்கிறாரு. இனி கடன் கிடையாதுன்னுட்டாரு” என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. விசாரித்தால், சிலருக்குக் கொஞ்சம் வந்திருக்கிறது, பலருக்கு ஒரு காசும் வரவில்லை. யாருக்கு வந்தது, எவ்வளவு வந்தது என்ற கணக்கு யாரிடமும் இல்லை. உத்தரவான செய்தியை உலகுக்கெல்லாம் சொன்ன நாங்கள், பணம் வராத செய்தியை யாருக்கும் சொல்லவில்லை. வெற்றிச் செய்தியே அந்த அம்மாளின் அடுப்பை அணைத்துவிட்டது!

தோழர்களே, இது எங்கள் தோட்டத்துக் கதை மட்டுமன்று. இலங்கையைப் பாருங்கள்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களில் நம் தமிழ் மக்களும் பலர். எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தும் தடுக்கத் தவறினார்கள் என்று மக்கள் வழக்குத் தொடர்ந்தனர். 2023 ஜனவரி 12ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய். பூஜித் ஜயசுந்தர, நிலந்த ஜயவர்தன இருவரும் தலைக்கு ஏழரைக் கோடி. ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி. சிசிர மெண்டிஸ் 1 கோடி. அதுவும் அரசாங்கக் கஜானாவிலிருந்து அல்ல, சொந்தப் பணத்திலிருந்து ஆறு மாதத்திற்குள் கட்ட வேண்டும் என்று உத்தரவு.

ஆறு மாதம் ஆயிற்று. முன்னாள் ஜனாதிபதி கட்டியது ஒன்றரைக் கோடி. மீதி எட்டரைக் கோடியை வருஷத்திற்கு 85 லட்சமாக 2033 வரை பத்துத் தவணையில் கட்டுவதாகக் கேட்டார். இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? கட்டிய கணக்கைத் தனக்குத் தெரிவிக்கும்படி நீதிமன்றமே கேட்டிருந்தது. வழக்குத் திரும்பத் திரும்பத் திறந்த மன்றத்தில் எடுக்கப்பட்டது. பத்திரிகைகள் தொகையைத் தொகையாகவே அச்சிட்டன. 2033 வரை இழுக்க இருந்த பாக்கி 2024 ஆகஸ்டிலேயே தீர்ந்தது. பத்திரிகை ஒன்றே இதைச் சாதித்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கணக்கு வெளிச்சத்தில் இருந்தால் சாக்குச் சொல்வது கடினம் என்பதை இது காட்டவில்லையா?

கட்டிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்தது. 1989 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் 47 கோடி டாலருக்கு முடிவாகி, கம்பெனியும் கட்டிவிட்டது. ஆனால் காயமடைந்தவர்களில் மிகப் பலருக்குக் கிடைத்தது 25,000 ரூபாய். பணமோ ரிசர்வ் வங்கியில் இருந்து வட்டியோடு வளர்ந்தது. 2004 ஜூலையில், மிஞ்சியிருந்த சுமார் 1,503 கோடி ரூபாயையும் பாதிக்கப்பட்டவர்களுக்கே பகிர்ந்து கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. பதினைந்து வருஷம்! அதற்குள் எத்தனை பேர் கண்ணை மூடியிருப்பார்கள்?

இந்தச் சிங்கப்பூரில் 2017 ஏப்ரல் முதல் சம்பள வழக்குகளுக்கென்றே நடுவர் மன்றங்கள் ஏற்பட்டன. 20,000 வெள்ளி வரை, சங்கத்தின் துணையோடு சமரசத்துக்குப் போனவருக்கு 30,000 வெள்ளி வரை கேட்கலாம் என்று வைத்தார்கள். மனிதவள அமைச்சு வருஷாவருஷம் அறிக்கை வெளியிட்டு, நூற்றுக்கு எத்தனை பேர் முழுச் சம்பளத்தையும் மீட்டார்கள் என்று சொல்கிறது. பெரும்பாலோர் மீட்கிறார்கள். நல்ல வழக்கம், பாராட்டுகிறேன். ஆனால் மீட்காத சிலர் இருக்கிறார்களே, அவர்களுக்கு நூற்றுக் கணக்கு சோறு போடாது. உத்தரவுக்குப் பின்னும் முதலாளி கொடுக்காவிட்டால், அதை நிறைவேற்ற மாவட்ட நீதிமன்றத்திற்குத் தொழிலாளிதான் மறுபடி நடக்க வேண்டும். அந்த நடையில் சங்கம் அவன் கூட நடக்க வேண்டாமா?

ஆகவே கிராணி புத்திக்கு எட்டிய யோசனை ஒன்று சொல்கிறேன். நமது பத்திரிகையில் மூன்று கட்டம் போடுவோம். முதல் கட்டம்: உத்தரவான தொகை. இரண்டாவது: கட்டிய தொகை. மூன்றாவது: தொழிலாளி கையில் சேர்ந்த தொகை. மூன்றும் ஒன்றாகும் வரை இதழுக்கு இதழ் போடுவோம். ஒன்றான பிறகுதான் “வெற்றி” என்ற சொல்லை அச்சுக் கோப்போம்.

“எல்லாவற்றையும் ஊரறியப் போட்டால் ஏழைக்குத் தொல்லை வராதா?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. வாங்குகிறவர் பெயரைப் போடவேண்டாம். பணம் வந்ததாகத் தெரிந்தால் கடன்காரனும் வருவான், காணாத உறவினனும் வருவான். கொடுக்க வேண்டியவர் பெயரைப் போடுவோம். அதுவும் உத்தரவைக் கையில் வைத்து, ரசீதைப் பார்த்து, கட்டியிருந்தால் கட்டினார் என்றும் நேர்மையாகப் போடுவோம். கட்டியவரைக் கட்டாதவர் என்று எழுதுவது, கட்டாதவரை மறைப்பதைப் போலவே பாவம்.

அந்த அம்மாளின் பணம் கடைசியில் வந்து சேர்ந்தது. அதற்குள் அவர் மகளின் தோட்டைப் பாஜாக்கடையில் வைத்திருந்தார். தோடு திரும்பவில்லை. மூன்றாவது கட்டத்தை நான் அன்றே எழுதியிருந்தால் அந்தத் தோடு அந்தப் பிள்ளையின் காதில் இருந்திருக்கும்.

தோழர்களே, செக்ரோலில் பெயர் ஏறினால் சம்பளம் கொடுத்தாயிற்று என்று எந்தக் கிராணியாவது கணக்கை மூடுவானா? கையெழுத்து வாங்கின பிறகல்லவா மூடுவான்! தீர்ப்புக்கும் அதுவே முறை.