மும்பையின் கடைவீதிகள்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாநகரில் பொருள் வாங்கச் சிறந்த இடங்கள் எவை என்பது பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். நாம் பெரும் புலமை படைத்தவரல்லோம். பள்ளியிறுதி தேறி, இரயில்வேயில் குமாஸ்தாவாகப் பேரேடு எழுதி வருகிறவர். எனினும் மாதச் சீட்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இந்நகரின் சந்தைகளை நெடுங்காலம் சுற்றிய அனுபவம் நமக்குண்டு.

புதிதாக மாற்றலாகி வரும் குடும்பங்கள் பலவற்றைக் கண்டிருக்கிறோம். அவ்வீட்டுத் தாய்மார்களில் பலர் 'மால்' ஒன்றைத் தவிர வேறு கடையை அறியார். காரணம் வெயிலுமன்று, கூட்டமுமன்று, மொழியே. மாலில் ஒவ்வொரு பொருளின் மீதும் விலை ஒட்டியிருக்கிறது. வாய் திறவாமலே வாங்கி வந்துவிடலாம். அவ்வாறு வாய் திறவாமலே சில ஆண்டுகளைக் கழித்து, இந்நகரத்தாரில் ஒருவரையேனும் அறியாமல் அடுத்த ஊருக்கு மாற்றலாகிச் சென்றோரும் உளர். இஃது நமக்கு மிகுந்த வருத்தம் தருவதாகும்.

மாலை நாம் இகழவில்லை. முதியோர்க்கு மின்படிக்கட்டு உண்டு. கோடையில் குளிர்ச்சி உண்டு. கழிப்பிடம் தூய்மையாக இருக்கும். லோயர் பரேலில் உள்ள பீனிக்ஸ் மால், பெயர் காட்டுவது போலவே, பழைய பீனிக்ஸ் பஞ்சாலையின் நிலத்தில் எழுந்ததாகும். 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் ஈடுபட்டனர்; அதன் பின்னர் பல ஆலைகள் தலைதூக்கவேயில்லை. குழந்தைகளை அங்கு அழைத்துச் செல்வோர் இதனையும் சொல்லி வைத்தல் நலம். 1999இல் ஹாஜி அலிக்கு அருகே திறக்கப்பட்ட கிராஸ்ரோட்ஸ் மாலிலோ, தொடக்கத்தில் கைப்பேசியோ கடன் அட்டையோ காட்டுவோரைத் தவிர மற்றவரிடம் நுழைவுக் கட்டணம் கேட்டார்கள்! கத்தரிக்காய் விற்கும் அம்மையார் எவரும் நம்மிடம் அவ்வாறு கேட்டதில்லை.

இனிச் சந்தைக்கு வருவோம். சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் கிராஃபோர்டு மார்க்கெட். 1869இல் கட்டி முடிக்கப்பட்ட இதற்கு இன்று மகாத்மா ஜோதிபா பூலே மண்டை என்று பெயர். (மண்டை என்றதும் தலையைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், மராத்தியில் அது சந்தை.) வாயிலின் மேலுள்ள கற்சிற்பங்கள், எழுத்தாளர் கிப்ளிங்கின் தந்தையார் வடிவமைத்தவை. பழம், உலர்பழம், வீட்டுச் சாமான் யாவும் அங்கே கிடைக்கும். அருகில் துணிக்கு மங்கள்தாஸ் மார்க்கெட், மின்விளக்குச் சாமானுக்கு லோஹார் சால், நகைக்கு ஜவேரி பஜார். கொலாபாவும் பாந்திராவின் லிங்கிங் ரோடும் இளைஞர்க்கு உரியவை. அவர்களுக்கு நாம் வழி சொல்ல வேண்டியதில்லை.

பேரம் பேச மிகுதியான மொழியறிவு தேவையில்லை. காய்கறிக்காரரிடம் 'கித்தீலா?' என்றால் என்ன விலை என்று பொருள். 'கமீ கரா' என்றால் குறைத்துக் கொடுங்கள். கால் கிலோவுக்குப் 'பாவ்', கீரைக்கட்டுக்கு 'ஜூடி', முருங்கைக்காய்க்கு 'ஷேவ்கா', கறிவேப்பிலைக்குக் 'கடி பத்தா'. நம்மவர் இடறுவது எண்களில்தான். இந்தியில் 'டேட் ஸௌ' என்றால் நூற்றைம்பது, 'டாயி ஸௌ' என்றால் இருநூற்றைம்பது. மராத்தியில் ஒன்றரைக்கு 'தீட்', இரண்டரைக்கு 'அடீச்'. இந்நான்கையும் மனப்பாடம் செய்துகொண்டால் எந்தச் சந்தையிலும் துணிந்து நுழையலாம். பிழையாகப் பேசினால் சிரிப்பார்களே என்று அஞ்ச வேண்டா. சிரிப்பார்கள், சிரித்துவிட்டு ஒரு பிடி கொத்தமல்லியைக் கூடுதலாகப் பையில் போடுவார்கள். மறுவாரம் 'ஏன் அக்கா, போன வாரம் காணோமே?' என்று அவர்கள் மொழியில் கேட்பார்கள். அவ்விசாரிப்பு எந்த மாலிலும் விலைக்குக் கிடைப்பதன்று.

முதல் நாளே மராத்தி வராது என்போர் மாடுங்காவில் தொடங்கலாம். அங்கே வாழையிலை, சேப்பங்கிழங்கு, வாழைப்பூ, பில்டர் காப்பிப் பொடி, தொடுத்த மல்லிகை எல்லாம் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். இராம நாயக் உடுப்பியில் இலைச் சாப்பாடும் உண்டு. 1942 முதல் நடந்து வருவது. 2017 முதல் மாடுங்கா நிலையத்தை முழுவதும் பெண் ஊழியரே நடத்தி வருகின்றனர் என்பதை இரயில்வேக்காரர் என்ற முறையில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். நம் காலனியின் பழைய குடும்பத்துத் தாய்மார்கள், புதிதாக வந்த ஒருவரையேனும் ஒருமுறை அங்கும், அடுத்த முறை தாதர் பூ மார்க்கெட்டுக்கும் உடனழைத்துச் செல்லுமாறு வேண்டுகிறோம். பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையிலேயே கிளம்பிவிட வேண்டும்.

ஞாயிறு செல்ல எண்ணுவோர் ஒன்று கவனிக்க. மங்கள்தாஸ் மார்க்கெட்டுக்கு அன்று விடுமுறை. தண்டவாளப் பராமரிப்புக்காக 'மெகா பிளாக்' போடுவதும் பெரும்பாலும் ஞாயிறன்றே. அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.